சோமசுந்தரம் சாருக்கு மட்டும் வந்த புயல்

மின் நிலையத்தின் கேட்டில் ஒப்பந்தத் தொழிலாளி தங்கராசுவின் பாஸை வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொண்ட செக்யூரிட்டி, "கான்ட்ராக்டர்கிட்ட கேட்டுக்கப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். காரணம் கேட்டதற்கு, கவனக்குறைவு என்று சொல்லியிருப்பதாக மட்டும் முணுமுணுத்தார். தங்கராசு நகரவில்லை.

சற்று முன்புவரை அவன் உள்ளே, கூட்ட அறை வாசலில், கூப்பிட்டால் பதில் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தான். யாரும் கூப்பிடவில்லை. கதவு திறந்தே கிடந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. போன வாரம் எரிந்துபோன டிரான்ஸ்பார்மரைப் பற்றிச் சென்னை அதிகாரிகளிடம் இன்ஜினியர் சோமசுந்தரம் நிதானமாக விளக்கினார். சூரியனில் வெடிப்பு; அங்கிருந்து கிளம்பிய புயல் பூமியின் காந்தத்தையே உலுக்கிவிட்டது; அப்படி ஆனால் மண்ணுக்குள் மின்சாரம் ஓடி, எர்த் கம்பி வழியாக மேலேறி டிரான்ஸ்பார்மரைச் சூடாக்கும். லடாக்கில் அன்று வானமே சிவந்ததாம். "இதுல மனுஷன் கையில என்ன இருக்கு?" அதிகாரிகள் தலையாட்டினார்கள். டீ வந்தது.

சார் தப்பித்தார் என்று தங்கராசுவுக்கு உள்ளபடியே சந்தோஷம். பழி சூரியனுக்குப் போனால் தனக்கும் இல்லைதானே. அந்த நினைப்போடு வந்தவனிடம்தான் பாஸைப் பிடுங்கினார்கள். எரிந்த அன்று டிரான்ஸ்பார்மர் வழக்கமில்லாமல் உறுமுகிறது என்று இரண்டு தடவை ஓடிப்போய்ச் சொன்னவன் அவன். "லோடு எடுத்தா சத்தம் வரத்தான்யா செய்யும், போ" என்று அனுப்பியவர் சார்.

சோமசுந்தரத்தின் கார் வெளியே வந்தது. தங்கராசு குறுக்கே போய் நின்றான். கண்ணாடி பாதி இறங்கியது.

"உள்ள புயல்னு சொன்னீங்க சார். கேட்டுக்கினுதான் நின்னேன்."

"அது டெக்னிக்கல் ரிப்போர்ட், தங்கராசு. இது வேற."

"என்னாங்க வேற? ஒரே ஷிப்டுல உங்களுக்குப் புயலு, எனக்குக் கவனக்குறைவா?"

"யாராவது ஒருத்தர் பேரைப் போட்டாகணும்யா. வேற எடத்துல சேத்துவிடறேன்."

"அப்ப சூரியன் பேரைப் போடுங்க. வேலைய வுட்டு அதை நிறுத்துங்க."

செக்யூரிட்டி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். கண்ணாடி ஏறியது. கார் அவனைச் சுற்றிக்கொண்டு, அடுத்த பிளாக் குடியிருப்பின் மரங்களுக்குள் மறைந்தது.

அவன் அதே இடத்தில், கேட்டுக்கு நேராகத் தார் ரோட்டில் உட்கார்ந்தான். அடுத்த ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வந்த வேன் ஹாரன் அடித்து ஓய்ந்து நின்றது. அவனோடு வேலை பார்க்கும் பவுல்ராஜ் இறங்கி வந்தான்.

"என்னாண்ணா, வூட்டுக்குப் போவலியா?"

"உள்ள வேல கெடக்குது. வுட மாட்றாங்க. நான்தான் எரிச்சேனாம்."

பவுல்ராஜ் செக்யூரிட்டியைப் பார்த்தான். செக்யூரிட்டி இழுப்பறையைப் பார்த்தார். பவுல்ராஜ் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்து, தங்கராசுவின் பக்கத்தில் உட்கார்ந்தான். வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

அந்த அமைதியில் செக்யூரிட்டி அறையில் போன் அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. அவர் எடுக்கவில்லை.