பொறுக்கக் குப்பை இல்லாத ஞாயிறு

1

இந்தக் கதை என் தற்பெருமையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாத்து பஹாட்டிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், எங்கள் தாமானின், அதாவது குடியிருப்புப் பேட்டையின், நடுவில் இருக்கும் பூங்காவில் காலை நடை போய்விட்டு வந்து, "ஒரு காயிதம்கூட கண்ணுல படலையே, யாரு கூட்டுறா?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. காக் ஸவியாவின் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடையில் உட்கார்ந்துகொண்டு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல நாற்பது பேர் இருநூறு பேர் ஆனார்கள், நகராண்மைக் கழக அதிகாரி கண்கலங்கினார், கடைசியில் காக் ஸவியாவையும் அழவைத்துவிட்டேன்.

காக் என்றால் அக்கா. தாமான் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தன் பெயர் காதில் விழுந்ததையும், அதைத் தொடர்ந்து நான் கன்னத்தில் விரலால் கோடு இழுத்ததையும் கவனித்துவிட்டார்.

"யாரு தம்பி அழுதது?" என்று கரண்டியோடு வந்து நின்றார்.

(அவர் கேட்டது மலாயில். இந்தக் கதையில் இனி எல்லாரும் தமிழில்தான் பேசுவார்கள். கேட்டுவிட்டேன், யாருக்கும் ஆட்சேபணை இல்லை.)

"கதைக்காகச் சொன்னேன், காக்."

"கதையா? அப்ப ஒழுங்கா எழுது. எழுதி எனக்குப் படிச்சுக் காட்டு. நான் அழுதேன்னு ஒரு வரி இருந்துச்சு, அப்புறம் என் கடையில உனக்குச் சம்பால் கெடையாது."

ஆக, இது சம்பாலுக்காக எழுதப்படும் கதை.

2

முதல் தொடக்கம்: "அதிகாலைப் பனியில் பூங்கா ஒரு" — அடித்துவிட்டேன். எங்கள் குளுவாங்கில் பனியாவது ஒன்றாவது.

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் என்றைக்குத் தன் குப்பையைப் பிறர் குப்பை என்று" — இது கட்டுரைப் போட்டிக்குப் போகட்டும்.

மூன்றாம் தொடக்கத்தைத் தாமான் மண்டபத்தில் வைக்கிறேன், அவமானம் நடந்த இடம் அதுதான். நகராண்மைக் கழகத்திலிருந்து என்சிக் ஹஸ்னுல் என்ற இளம் அதிகாரி வந்திருந்தார். பூங்காவில் பாதியைக் கார் நிறுத்துமிடமாக மாற்றும் திட்டம் இருப்பதாகச் சொன்னார். மண்டபம் கொதித்தது. பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள், நாங்கள் எங்கே நடப்போம் என்று ஆளாளுக்குக் கத்தினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து கசங்கிய பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். அதில் சிவப்பு ரப்பர் பேண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க பூங்காவுக்கு இப்பத்தான் போயிட்டு வர்றேன். புல்லு தெரியல, இதுதான் தெரியுது. இவ்ளோ பாசமா வெச்சிருக்கற எடத்துக்குத்தான் இப்ப சண்டை போடறீங்களா?"

எங்கள் வட்டாரத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு நாசி லெமாக் கட்டுவது ஒரே கடைதான். எல்லாத் தலைகளும் காக் ஸவியாவின் பக்கம் திரும்பின. அவர் எழுந்து நின்றார்.

"என் காயிதம்தான். திங்கறது இவங்க, போடறது இவங்க, பேரு மட்டும் எனக்கு." பிறகு அதிகாரியைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம காலையில வாங்க. கோத்தோங்-ரோயோங் வெக்கிறேன். இந்தத் தாமான் ஆளுங்க ஒண்ணாச் சேந்து குனிஞ்சு பொறுக்கறத உங்க கண்ணால பாத்துட்டு அப்புறமா எழுதுங்க உங்க ரிப்போர்ட்ட."

"சரி, வர்றேன். நீங்க பொறுக்கறதப் பாத்தா பூங்கான்னு எழுதறேன். பாக்கலைன்னா தாரு."

3

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு வீறாப்பான பெண்ணை வாசகர் நம்புவாரா? கொஞ்சம் பயத்தைச் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. "அன்றிரவு ஸவியாவுக்குத் தூக்கமே" என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் தூங்கினேன்" என்றார் காக் ஸவியா. "பயமெல்லாம் மறுநாள்தான் வந்துச்சு. யாருமே வரலைன்னா என்ன பண்றது, அந்தக் காயிதத்தோட என் பேரும் தாருக்குள்ள போயிருமேன்னு."

எனவே அந்த வாரம் முழுக்க அவர் வியாபாரம் செய்த விதமே வேறு. "ஞாயித்துக்கெழம வர்றியா?" என்பார். வருகிறேன் என்று சொன்னால்தான் பொட்டலத்துக்குள் அவித்த முட்டை போகும். "மழை பேஞ்சா?" என்று கேட்டவருக்கு நெத்திலியும் குறைந்தது. பக்கத்துத் தெருவில் லாரி ஓட்டும் அங்கிள் கோ, சேர்கிற குப்பையைத் தன் லாரியிலேயே கொண்டுபோய்க் கிடங்கில் போட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்து இரண்டு முட்டை வாங்கிக்கொண்டார். நான் தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கலக்குவதாக ஒப்புக்கொண்டேன்.

(ஓரக் குறிப்பு: பூங்காவில் குப்பைத்தொட்டி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. குரங்குகள் தினமும் கவிழ்க்கின்றன என்று எடுத்துக்கொண்டு போனார்கள். குரங்குகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. இந்தக் குறிப்பை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.)

4

சனிக்கிழமை நடந்தது எங்கள் தாமானில் மட்டுமே நடக்கக்கூடிய பிழை.

ஹரிராயாவோ, சீனப் பெருநாளோ, தீபாவளியோ, இங்கே விருந்தாளி வருகிறார் என்றால் முதல் நாளே வீட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அலங்கோலமான வீட்டை அந்நியர் பார்த்துவிட்டால் மானம் போச்சு. அந்தப் பழக்கம் எங்கள் எலும்புவரை ஊறியிருக்கிறது. ஞாயிறு காலை பெரிய விருந்தாளி வருகிறார். பூங்காவோ கிடக்கிற லட்சணம் ஊரறியும்.

என் வீட்டுக்கு எதிரே அங்சானா மரத்தடியில் காலிப் போத்தல்கள் குவிந்து கிடந்தன. நாளைக்கு அந்த அதிகாரி, "இது யாரு வீட்டு எதிர்ல?" என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு மரத்தடியை மட்டும், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சுத்தம் செய்தேன். மூட்டையை அங்கிள் கோவிடம் கொடுத்து, "யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு அப்போது அந்தப் பார்வையின் பொருள் விளங்கவில்லை.

சாயங்காலம் காக் ஸவியாவும் போனார், பாண்டான் இலை பறிப்பதுபோல ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு. தன் காகிதங்களை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

"நாலஞ்சுதான் கெடச்சுது. காத்து அடிச்சிட்டுப் போயிருச்சு போலன்னு நெனச்சேன்" என்கிறார் இப்போது.

5

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்கள் வந்தார்கள். நாற்பது பேர், கையுறையும் பையும் இடுக்கியுமாக. மருதாணிச் சிவப்பு மங்காத கையோடு ஒரு புதுப்பெண்கூட வந்திருந்தாள். காக் ஸவியாவின் முகம் மலர்ந்தது. பிறகு அவர் புல்வெளியைப் பார்த்தார்.

பச்சைப் பசேலென்று கிடந்தது. ஊஞ்சலுக்கு அடியில் ஒன்றுமில்லை. கால்வாய் ஓரத்தில் ஒன்றுமில்லை. நாற்பது பேரும் பையை விரித்துக்கொண்டு, காணாமல்போன கோழியைத் தேடுகிறவர்களைப் போலப் புதருக்குள் எட்டிப் பார்த்தோம்.

"குப்பை எங்க?" என்றார் காக் ஸவியா.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அங்கிள் கோ மட்டும் தொண்டையைக் கனைத்தார்.

"என் லாரியில இருக்கு லா. நேத்து காலையிலேருந்து ஒவ்வொருத்தரா வந்து மூட்டையக் குடுத்துட்டு, யாருகிட்டயும் சொல்லாத சொல்லாதன்னு கேட்டீங்க. நானும் சொல்லல. நீங்க எல்லாருமே வந்தீங்க. என் பொண்டாட்டிகூட தனியா வந்து குடுத்தா, எனக்கே சொல்லாம!"

அப்புறம் வெடித்த சிரிப்பில் குரங்குகள் மரம் மாறின. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் சாலையைத் திரும்பிப் பார்த்தோம். அதிகாரி இதோ வந்துவிடுவார். பொறுக்குவதைப் பார்க்கத்தான் வருகிறார். எதைப் பொறுக்குவது?

"ஒரு வழி இருக்கு" என்றார் அங்கிள் கோ. "நாலு மூட்டைய அவுத்துக் கொட்டுவோம். அவரு வந்ததும் பொறுக்குவோம். நம்ம குப்பைதானே, யாருக்கு நட்டம்?"

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. கதைக்கும் அது வசதி. "லாரியின் பின்கதவு திறந்தது. முதல் மூட்டை" என்றுகூட எழுதிப் பார்த்தேன். வாக்கியம் அதற்குமேல் நகரவில்லை, ஏனென்றால் காக் ஸவியா லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"கொட்டறதுன்னா ஒன் வீட்டு வாசல்ல கொட்டு, கோ."

"அந்த ஆளு தாருன்னு எழுதிருவான், ஸவியா!"

"எழுதட்டும். இத்தன வருசத்துல இந்தப் புல்லு இன்னிக்குத்தான் முழுசா கண்ணுக்குத் தெரியுது. என் காயிதத்த நானே மறுபடி இதுமேல போடவா? பொய்க்குக்கூட போட மாட்டேன். தாரு போடறதுன்னா சுத்தமா இருக்கற புல்லு மேல போடட்டும். குப்பைமேடா கெடந்துச்சுன்னு மட்டும் எவனும் சொல்ல முடியாது."

அங்கிள் கோ மூட்டையிலிருந்து கையை எடுத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்படி ஓர் ஊரில் குடியிருக்கிறோம் என்ற பெருமை எனக்கு முதல்முதலில் வந்தது அந்த நிமிடத்தில்தான், அதைச் சொல்லத்தான் இத்தனை பாடும்.

(இந்த இடத்தில் "ஸவியாவின் கண்கள் பனித்தன" என்று ஒரு வரி இருந்தது. படித்துக் காட்டியபோது, "வெட்டு" என்றார். "அப்ப உங்களுக்கு என்னதான் இருந்துச்சு, காக்?" "கோவம். அப்புறம் பசி." வெட்டிவிட்டேன்.)

6

என்சிக் ஹஸ்னுல் வந்தார். காரிலிருந்து இறங்கிப் பூங்காவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையிலிருந்த காலிப் பைகளையும் பார்த்தார்.

"முடிச்சிட்டீங்களா?"

"ஆரம்பிக்கவே இல்ல" என்றார் காக் ஸவியா. "நீங்க வர்றீங்கன்னு வெக்கப்பட்டுக்கிட்டு, நேத்தே அவங்கவங்க திருட்டுத்தனமா பொறுக்கிட்டாங்க. நானுந்தான்."

"ஆள் வெச்சுக் கூட்டிட்டீங்களோ?"

"கூட்டறதுக்கு ஆள் வெச்சிருந்தா, இவங்க எதுக்குக் கையுறைய மாட்டிக்கிட்டு முழிச்சிக்கிட்டு நிக்கறாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். பூங்காவை ஒருமுறை மெதுவாகச் சுற்றிவந்தார். நாங்கள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"நான் என்ன எழுதறது, காக்? ஒருத்தராவது குனியறத நான் பாக்கலையே. நான் பாக்காதத எப்படி எழுதறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் வேதனை.

"மொதல்ல பசியாறுங்க. வெறும் வயித்துல எழுதறது எதுவும் நல்லா இருக்காது" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார் காக் ஸவியா. முட்டை வைத்த பொட்டலம்.

அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். சம்பால் உறைத்ததில் மூக்கை உறிஞ்சினார். நான் கொடுத்த தே ஓவைக் குடித்தார். சாப்பிட்டு முடித்தபோது அவர் கையில் பழுப்புக் காகிதமும் சிவப்பு ரப்பர் பேண்டும் மிஞ்சின.

எங்கே போடுவது என்று இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். தொட்டி இல்லை. (சொல்லியிருந்தேனே.)

யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. முதலில் அந்தப் புதுப்பெண் தன் பையை விரித்தாள். அப்புறம் அங்கிள் கோ. அப்புறம் அவர் மனைவி, அப்புறம் நான். சரசரவென்று நாற்பது பைகள் வாய் திறந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. காக் ஸவியா மட்டும் பையை விரிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

7

இதற்குமேல் மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அங்கிள் கோவின் முடிவில் அதிகாரி நேராக அவரிடம் வந்து, அவர் பையில் காகிதத்தைப் போட்டுக் கைகுலுக்குகிறார். (அங்கிள் கோவை இதில் யாரும் நம்புவதில்லை.) என் முடிவில் அவர் காகிதத்தை நான்காக மடித்துத் தன் வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், சம்பால் கறை ஊறுகிறது, அந்தக் கறையோடு போய் ரிப்போர்ட் எழுதுகிறார். இலக்கியமாக இருக்கிறது என்று எனக்கே படுகிறது. மூன்றாவதில் அவர் விரல்கள் தளர்கின்றன, காகிதம் நழுவிப் புல்லில் — வேண்டாம்.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். அவர் எழுதியதும் தெரியும். பூங்கா இன்னும் இருப்பதை முதல் பத்தியிலேயே உளறிவிட்டேனே என்று சிரிக்காதீர்கள். மைத்துனர் நடந்தது முழுப் பூங்காவிலா, மிஞ்சிய பாதியிலா என்று நான் சொல்லவே இல்லை.

இதுவரை எழுதியதை இன்று காலை காக் ஸவியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த வரிக்குப் போகுமுன் என் தாள்மேல் கையை வைத்தார். தேங்காய்ப்பால் மணந்தது.

"இங்கயே நிறுத்து."

"முடிவு வேணாமா, காக்?"

"அந்த ஆளு என்ன செஞ்சான்னு தெரிஞ்சு உன் வாசகருக்கு என்ன ஆவப்போவுது? அவரும் எங்கயாச்சும் திங்கறவருதான, அவருக்கும் எங்கயாச்சும் ஒரு பூங்கா இருக்கும். அந்தக் காயிதத்த அவரு கையில குடு. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம்னு மட்டும் சொல்லு."

அப்படியே செய்கிறேன். இந்தாருங்கள், பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஓரத்தில் சம்பாலும் ஒட்டியிருக்கும். ரப்பர் பேண்டைத் தவறவிட்டுவிடாதீர்கள், சிவப்பு நிறம் புல்லில் பளிச்சென்று தெரியும். பக்கத்தில் தொட்டி கிடையாது. நாற்பது பைகள் திறந்திருக்கின்றன, காக் ஸவியா கையைக் கட்டிக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறார். அவர் அழவில்லை.