எர்லிந்தா வாசலில் சாய்ந்த சப்பரம்

தவக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே சப்பரச் சீட்டு கொடுத்துவிடுவார்கள். கோவில் மண்டபத்துச் சுவரோரம் ஒவ்வொருவனையும் நிறுத்தி, தரையிலிருந்து தோள்வரை அளந்து, ஒத்த உயரக்காரர்களாகப் பார்த்து ஒரே முறையில், அதாவது தெருவின் ஒரு பகுதிக்குச் சேர்ந்து தூக்கும் குழுவில், சேர்ப்பார்கள். எலியோதோரோவுக்கு இந்த வருஷம் ஒன்பதாம் முறையில் இடம், வலது பக்கப் பின்மூலை. சீட்டை அவன் இரண்டு தடவை படித்தான். ஒன்பதாம் முறைக்காரர்கள் ரொட்டிக்கடை மூலையில் தோள் கொடுத்து, தண்ணீர்த்தொட்டி மேட்டில்தான் இறக்குவார்கள். நடுவில் எர்லிந்தாவின் வீடு.

"மூணு வருஷமா அந்தத் தெருவுக்கு டிமிக்கி கொடுத்தே. மாட்டினியா?" என்று சீட்டுக் கொடுத்தவர் சிரித்தார். "மேடு ஏறணும்னா பயம்!"

பயம் மேட்டைப் பார்த்து அல்ல.

எர்லிந்தாவின் புருஷன் மாக்ஸிமோ, எலியோதோரோவின் மர லாரியில் உதவியாளாக இருந்தான். சரிவில் வண்டி நின்றால் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பது அவன் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் வண்டி உருண்டது; மாக்ஸிமோ அடியில் போனான். "கல்லு வைக்க மறந்துட்டான்" என்று எலியோதோரோ எல்லாரிடமும் சொன்னான். ஊர் நம்பியது. அன்று முதல் அவள் வாசலுக்கு வருஷம் தவறாமல் மூட்டை மூட்டையாக மரத்தூள் அனுப்பிவந்தான். பெரிய வெள்ளியன்று சப்பரம் மிதித்துப் போகத் தெருவில் கோலம் போலச் சாயத்தூள் கம்பளம் போடுவார்கள்; அதற்கு அவள் எங்கேயும் போய்த் தூள் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

வருஷா வருஷம் பஸ் ஏறி எஸ்குயிந்த்லா நகரத்துக்குப் போய், முகம் தெரியாத சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்தான். இந்த வருஷம் இருந்தவர் வயசாளி. பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆண்டவர் மன்னிச்சாச்சுப்பா. ஆனா செத்தவன் தலையில நீ போட்ட பழி இன்னும் அங்கேயேதானே கிடக்கு? அதை யாரு எடுக்கிறது?"

பெரிய வெள்ளி காலை ஏழு மணிக்கு அவன் எர்லிந்தாவின் வாசலுக்குப் போனபோது, அவள் செங்கல் மேல் போட்ட பலகையில் மண்டியிட்டு, கம்பளத்துப் புறாவைச் சுற்றிப் பச்சைத் தூளைச் சலித்துக்கொண்டிருந்தாள். மகள் நினெத் காற்றில் தூள் பறக்காதபடி தண்ணீர் தெளித்தாள். நினெத்துக்கு ஞானத்தகப்பன் எலியோதோரோதான்; அந்த உறவில் அவன் எர்லிந்தாவுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே.

எதிர்வீட்டு செலெஸ்தினோ குரல் கொடுத்தான்: "எர்லிந்தா, உன் புறா கோழி மாதிரியில்ல இருக்கு!"

"ஒருசந்திப் பட்டினிக்காரன் கண்ணுக்கு எல்லாமே கோழிதான்! உள்ளே போய்யா!" என்றவள் திரும்பினாள். "வாங்க கொம்பாத்ரே. இந்த வருஷத் தூள் மாவு மாதிரி இருக்கு."

"கொமாத்ரே, ஒண்ணு சொல்லணும்." நின்றபடி சொல்ல முடியாமல் அவனும் மண்டியிட்டான். "கல்லு வைக்கத்தான் மாக்ஸிமோ இறங்கினான். ஒரு நிமிஷ வேலை, கல்லு எதுக்குன்னு நான்தான் தடுத்தேன். கைப்பிரேக் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். அவன் மறக்கல."

சல்லடை காலியான பிறகும் அவள் கை அதை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"இதை இன்னைக்கு எதுக்குச் சொல்றீங்க?"

"இந்தக் கம்பளத்தை மிதிச்சு நடக்க என்னால முடியாது."

"ஓஹோ. காலு கூசுது. 'கல்லு மறந்தவன் மக'ன்னு பள்ளிக்கூடத்துல இவளைக் கூப்பிட்டாங்களே, அப்போ காது கூசலையா? ஒவ்வொரு மூட்டை வந்தப்பவும் உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினேனே நான்!" அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "எழுந்திருங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

பதினொன்றரைக்கு ஊதா அங்கி மாட்டி, ரொட்டிக்கடை மூலையில் தோள் கொடுத்தான். முன்னால் சாம்பிராணி, பின்னால் பேண்டின் சோக இசை. சிலுவை சுமந்த நாதர் தலைக்கு மேல் அசைந்து வந்தார். எர்லிந்தாவின் கம்பளம் தொடங்கும் இடத்தில் எலியோதோரோவின் கால் நின்றது. தண்டைவிட்டு விலகி ஓரமாய் ஒதுங்கினான்.

சப்பரம் தூக்குகிறவன் செய்யவே கூடாதது அது. மேட்டில் பாரமெல்லாம் பின்மூலைக்குத்தான் இறங்கும். சப்பரம் வலப்பக்கம் சாய்ந்தது. நாதரின் சிலுவை அவள் வீட்டுக் கூரைப்பக்கமாய் இறங்கியது.

"டேய் எலியோ! எங்கே போறே? தோள் போச்சுடா!" என்று முன்னால் இருந்தவன் கத்தினான். ஊர்வலத் தலைவர் விசில் ஊதினார். பேண்டு நின்றது.

எர்லிந்தா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். பச்சை அப்பிய கையால் அவன் அங்கியைப் பிடித்தாள்.

"உங்களால இன்னொருத்தன் நசுங்கணுமா? போய்த் தோள் கொடுங்க."

"கம்பளம்..."

"மிதிக்கத்தான் போட்டேன். இன்னார்தான் மிதிக்கலாம்னு ஆள் பார்த்தா போட்டேன்?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஞாயித்துக்கிழமை பூசையில என் வீட்டுக்காரர் மறக்கலன்னு ஊர் முன்னால சொல்லணும். நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் நான் மன்னிச்சாச்சு. இதை இப்போ சொல்லாம விட்டா அப்புறம் எனக்கு வாய் வராது. போங்க!"

அவன் புகுந்து தோளைக் கொடுத்தான். பாரம் எலும்பில் வந்து உட்கார்ந்தது. சப்பரம் நிமிர்ந்தது. ஈரத்தூள் காலடியில் நசுங்க, புறாவின் மேல் நடந்தான். முகத்தை மறைக்கக் கை ஒழியாததால் எல்லாரும் பார்க்கவே அழுதான்.

தண்ணீர்த்தொட்டியில் தோள் மாற்றியதும் திரும்பி வந்தான். எர்லிந்தா கலைந்த தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நினெத் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்த்திருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

"என்ன எலியோ," என்று செலெஸ்தினோ எதிர்வாசலிலிருந்து சிரித்தான், "சப்பரத்தை விட்டுட்டு ஓடினதுக்குத் தண்டனையா?"

எலியோதோரோ துடைப்பத்தோடு நிமிர்ந்தான். ஞாயிறு வர இரண்டு நாள் இருந்தது.

"செலெஸ்தினோ, இங்கே வா," என்றான். "மாக்ஸிமோ கல்லை மறக்கல."