பிசகில்லாத துண்டு

கைத்தறியின் பெருமையைப் பேசிப் பேசியே எனக்குத் தறியில் உட்கார நேரமில்லாமல் போயிற்று. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். வேறொருவன் இப்படிச் செய்தான் என்று கேள்விப்பட்டிருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

குன்றாண்டார்கோவில் போகிற ரோட்டில் எங்கள் தெரு. பதினாலு வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. நாலு வருடத்துக்கு முன் பிரகதீஸ்வரி மேடம் வந்தார். புதுக்கோட்டைப் பெண். பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து 'வேர்நூல்' என்று ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார். இடையில் வியாபாரி கிடையாது. நாங்கள் நெய்கிற, சாயம் போடாத பட்டுத் துண்டுகள் நேராக வெளிநாட்டுக் கடைக்குப் போகும். ஒவ்வொரு துண்டிலும் நெய்தவர் படம் போட்ட அட்டை தொங்கும். அட்டையில் ஒரு வாசகம் உண்டு. மேடம் அதைத் தமிழில் படித்துக் காட்டினார்: 'இந்தத் துணியில் நீங்கள் காணும் சிறு பிசகுகள், ஒரு மனிதக் கை இதை நெய்தது என்பதன் அடையாளம்.'

தெருவே சிரித்தது. ஒரு இழை எழும்பி நின்றதற்காக வியாபாரிகள் துணியை எங்கள் மூஞ்சியில் எறிந்திருக்கிறார்கள். எனக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கும் சொர்ணவல்லிதான் கேட்டாள்: "அப்ப பிசகே இல்லாம நெய்ஞ்சா என்னங்க மேடம்?" மேடமும் சிரித்துவிட்டார்.

என்னைக் குழுத் தலைவர் ஆக்கினார்கள். எனக்குப் பேச்சு வரும், அதுதான் வினை. புதுக்கோட்டையில் ஒரு காலேஜில் பேசக் கூப்பிட்டார்கள், போனேன். அப்புறம் இன்னொரு காலேஜ், ஒரு கண்காட்சி, ஒரு கருத்தரங்கம். மேடையில் மில் துணியில் பொன்னாடை போர்த்துவார்கள். அதைப் போர்த்திக்கொண்டே விசைத்தறியைத் திட்டுவேன். கைதட்டல் விழும். மாசிக் கடைசிக்குள் பன்னிரண்டு துண்டு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஒன்பதுதான் ஆகியிருந்தது. இன்னும் பத்து நாள் வேண்டும் மேடம் என்று ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். தலைவர் வீட்டிலேயே தவணை தப்பியது என்று நாலு பேர் பேசிவிட்டால்? வெளியூரில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குப் போய் அதே நூலில், அதே அகலத்தில் மூன்று துண்டு வாங்கி வந்தேன்.

வாங்கி வந்ததோடு விட்டேனா? பட்டப்பகலில் வாசல் கதவைச் சாத்திவிட்டு, தையல் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரிடத்தில் இழையைத் தூக்கிவிட்டேன். இன்னோரிடத்தில் அறுத்து முடிச்சுப் போட்டேன். ஓரத்தை லேசாக இழுத்து வளைத்தேன். துணியில் எது வரக்கூடாது என்று முப்பது வருடம் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அந்தக் கண்ணை வைத்துத்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன். அரை நாளில் மூன்று மெஷின் துண்டுக்கும் மனிதக் கை வந்துவிட்டது. என் படம் போட்ட அட்டையைக் கட்டி மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேடமும் அரவிந்த்குமார் என்று ஒரு புது ஆளும் காரில் வந்து இறங்கினார்கள். வேறொரு ஊர்க் குழுவில் மெஷின் துணி கலந்துவிட்டதாம். இனிமேல் தெருவுக்கே வந்து சரக்கைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம். பொதுக் கொட்டகையில் மேசை போட்டு, தெருவே சுற்றி நிற்க, அரவிந்த்குமார் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்.

என் மெஷின் துண்டு ஒன்று அவர் கைக்கு வந்தது. அவர் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"பாருங்க, இந்த முடிச்சு, இந்த ஓரம். கை நெசவுன்னா இப்படித்தான் இருக்கும்."

மேடம் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

நாலு துண்டு தள்ளி சொர்ணவல்லியுடையது இருந்தது. அதை அவர் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி மேசையில் விரித்துப் பார்த்தார்.

"இதுல ஒரு பிசகுகூட இல்லையே. இது மெஷின்ல ஓட்டினது."

"இல்லீங்க சார், நான் நெய்ஞ்சது," என்றாள் சொர்ணவல்லி.

"உங்களோட மத்த ரெண்டும் இப்படியேதான் இருக்கு. மனுசக் கையால இது முடியாதும்மா."

"முடிஞ்சிருக்கே சார்."

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "ரத்தினவேல் அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன். இது இவங்க நெய்ஞ்சதுதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. விடியும்போதே அவள் தறிச் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும். இந்த வட்டாரத்தில் அவள் கைக்கு ஈடு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஆமாம் என்றால் அந்த ஆள் பார்த்தது தப்பு என்று ஆகும். தப்பு என்றால் எல்லாத் துண்டையும் மறுபடி எடுப்பார்கள். மறுபடி எடுத்தால் என்னுடைய மூன்றும் மாட்டிக்கொள்ளும். இவ்வளவும் ஒரு நொடியில் மனசில் ஓடிவிட்டது.

"நான் பக்கத்துல இருந்து பாக்கலீங்க மேடம்," என்றேன்.

பொய்கூட இல்லை பாருங்கள். அதை நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பு கூசுகிறது.

கொட்டகைச் சுவரில் பதினாலு பேர் படமும் ஒட்டியிருந்தது. அரவிந்த்குமார் அவள் படத்தை உரித்தார். பாதியில் கிழிந்து, நெற்றியும் பொட்டும் சுவரிலேயே தங்கிவிட்டன. சொர்ணவல்லி தன்னுடைய மூன்று துண்டையும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கார் கிளம்பியதும் தெரு வாயைத் திறந்தது. புருசன் குவைத்துல சம்பாதிக்கிறான், இவளுக்கு எதுக்கு இந்தத் திருட்டு வேலை என்றார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். தலைவர் இல்லையா, நடுவிலேயே நின்றேன்.

மறுநாள் காலையில் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, சோலி இல்லைன்னா வீடு வரைக்கும் வாரீங்களா?"

சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். போட்டால் தேவலை என்றும் நினைத்தேன். அவள் என்னைத் தறிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"நேத்து அந்த சார் ஒங்க துண்டத் தூக்கிக் காட்டுனாருல்ல, அந்த மாதிரி இழை எழும்பி நிக்கிறது, ஓரம் வளையிறது. சாயங்காலம் பூரா போட்டுப் பாத்தேன், எனக்கு வரமாட்டேங்குது. இங்கிட்டு உக்காந்து சொல்லிக் குடுங்கண்ணே. அடுத்த தடவ அப்படியே நெய்ஞ்சு குடுத்துட்டா என் படத்த மறுபடி ஒட்டிருவாங்கல்ல?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தறியில் உட்கார்ந்தேன். தறிக் குழிக்குள் காலை விட்டு, ஊடைநூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே ஓட்டினேன். இழையைத் தளர்த்தி விட்டேன், அடுத்த அடியில் அது இறுகிக்கொண்டது. மிதியை மாற்றி மிதித்தேன், குறுக்கே நீளமாக ஒரு கோடு விழுந்தது. மூன்று விரல் அகலம் நெய்திருப்பேன். குடிகாரன் நெய்த துணி மாதிரி வந்தது. மேசையில் தூக்கிக் காட்டிய அந்தப் பிசகு மட்டும் வரவே இல்லை.

சொர்ணவல்லி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை.

"அண்ணே, அது தறியில விழுந்த பிசகுதானா?"

"இல்ல சொர்ணம்."

"பின்ன?"

"ஊசியால எடுத்துவிட்டது. துண்டும் நான் நெய்ஞ்சதில்ல. மூணும் மெஷின் துண்டு."

அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவளோ, யாரோ அம்மணமாக நிற்பதைப் பார்த்துவிட்டதுபோல் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னை நினைத்து அவள் வெட்கப்பட்டாள். அதற்கு என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"எந்திரிங்க," என்றாள். "எந்திரிச்சு மேடத்துக்குப் போன் போடுங்க. இங்கனயே நின்னு போடுங்க."

போட்டேன். மேடம் உற்சாகமாக எடுத்தார். அடுத்த வாரம் இன்னொரு காலேஜில் நான் பேச வேண்டும் என்று ஆரம்பித்தார். நடுவில் புகுந்து சொன்னேன். விசைத்தறிக் கூடம், ஊசி, முடிச்சு, கொட்டகையில் நான் சொன்ன அந்த ஒரு வரி, எல்லாவற்றையும் சொன்னேன். மேடை ஏறிப் பழகிய நாக்கு, ஒவ்வொரு வாக்கியத்தையும் ரெண்டு மூன்று தடவை தொடங்க வேண்டியிருந்தது. "என் படத்த எடுத்திருங்க மேடம். அவ படத்த ஒட்டுங்க," என்று முடித்தேன்.

"சொர்ணவல்லி அக்கா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார் மேடம். "போனக் குடுங்க. நான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

சொர்ணவல்லி அதற்குள் தறியில் உட்கார்ந்திருந்தாள். நான் நெய்த அந்த மூன்று விரல் துணியை இழை இழையாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போனை நீட்டினேன். அவள் நிமிரவில்லை.

"கை வேலையா இருக்குன்னு சொல்லுங்க," என்றாள்.