பெயிண்டர் வீட்டுச் சுவர்

“உனக்கெல்லாம் எதுக்கு வாய்?” என்று அவளிடம் ஒருமுறை கேட்டவர் கணக்கு வாத்தியார். வகுப்பே சிரித்தது. விடை தெரிந்தும் அவளால் எழுந்து நின்று சொல்ல முடியவில்லை, அதற்குத்தான் அந்தக் கேள்வி. மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

வீட்டில் அவளுக்கு ஏற்கெனவே ‘பூச்சி’ என்று பெயர், வாயில்லாப் பூச்சி. அம்மா அழுதாள், அண்ணன் கெஞ்சினான். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு யாராவது, “உங்க பொண்ணு என்ன பண்ணுது?” என்று கேட்டால், “வீட்ல இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டுப் பேச்சை மழைக்கோ வெயிலுக்கோ திருப்பிவிடுவார். வாத்தியாரின் கேள்வியைவிட அந்த முணுமுணுப்புத்தான் அவளைச் சுட்டது.

கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணன், சொந்தமாக ஒரு படம் எடுக்கப்போவதாகக் கிளம்பியபோது அவனிடம் கேமரா இருந்தது, கதை இல்லை. கதை பூச்சியிடம் இருந்தது, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நேராகப் பேசாமல், பிள்ளைகளை நடுவில் நிறுத்திச் சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டி கதை. “உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு.” “உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குக் காது இருக்குன்னு.” படித்துப் பார்த்த அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எந்த வீட்டுக் கதை என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

நடிகர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். வீட்டு ஹால்தான் செட். ஞாயிற்றுக்கிழமைதோறும் படப்பிடிப்பு. அப்பா வேடத்துக்கு அப்பாவையே கூப்பிட்டார்கள். “ஆளை விடுங்கப்பா” என்று அவர் நழுவிவிட, பஸ் கண்டக்டரான சித்தப்பா ஓடிவந்து மாட்டிக்கொண்டார். குரலுக்குக் குறைச்சலில்லை. வசனம்தான் நிற்கவில்லை. மறந்துபோன இடத்திலெல்லாம், “உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத” என்று சமாளித்தார். பூச்சி கதவோரம் நின்று அவர் காதில் வசனம் ஓதுவாள். அவள் அதிகம் பேசியதே அப்போதுதான், அதுவும் கிசுகிசுப்பில்.

சாப்பாட்டு மேஜைச் சண்டையைப் பாதி எடுத்து நிறுத்தியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு அண்ணன் கேமராவோடு ஹாலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். பல வருஷமாக ஈரம் ஊறிப் பாசிப் பச்சையாகக் கிடந்த சுவர், மஞ்சளாய்ப் பளபளத்தது.

“யாரு செஞ்சது இது?”

“நான்தான்” என்றார் அப்பா. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. “பட்டி பார்த்து, நல்லா ரெண்டு கோட்டு விட்டிருக்கேன். நாலு பேரு பாக்கற படம். பெயிண்டர் வீட்டுச் சுவரு அப்படியாடா இருக்கும்?”

“அய்யோ அப்பா! பாதிச் சண்டை பச்சைச் சுவத்துல, மீதிச் சண்டை மஞ்சச் சுவத்துலயா? எல்லாம் போச்சு!”

“திரும்பப் பச்சை அடிச்சுத் தரேன்டா.”

“பச்சை அடிப்பீங்க. அந்தக் கறையை எப்படி அடிப்பீங்க?”

அப்பாவின் மலர்ச்சி அணைந்தது. பிரஷ்ஷையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். யாரும் கேட்காத கொல்லைக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, ரொம்ப நிதானமாக.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள் பூச்சி. அவள் பள்ளிக்கூடம் போகாத அன்றும் இப்படித்தான் டப்பாவை எடுத்தார். அவர் சும்மா இருந்துவிட்டார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்?

“அண்ணா” என்றாள், கிசுகிசுக்காமல். எல்லோரும் திரும்பினார்கள். “சண்டை நடுவுல படத்து அப்பாவுக்கு வார்த்தை வரல. எழுந்து போய் பச்சைச் சுவத்துக்கு மஞ்சப் பெயிண்ட் அடிக்கறாரு. மத்தவங்க மேஜையை நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கிட்டே சண்டை போடறாங்க. எப்பெல்லாம் வார்த்தை வரலையோ அப்பெல்லாம் ஒரு சுவரு.”

அண்ணன் மஞ்சள் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். சித்தப்பாதான் முதலில் தேறினார். “அப்போ எனக்கு வசனமே கிடையாதா? ஹீரோடி நான்!”

“அது ஒண்ணே போதும், படம் பொழச்சுக்கும்” என்றாள் அம்மா.

அப்படியே எடுத்தார்கள். அப்பா படப்பிடிப்புப் பக்கமே தலைகாட்டவில்லை. ஆனால் சித்தப்பா திட்டுத்திட்டாக அடித்துவிட்டுப் போகும் சுவரைச் சாயங்காலம் வந்து பார்ப்பார். மனசு கேட்காது. சத்தமில்லாமல் ஒழுங்காக்கிவிடுவார். அடுத்த ஞாயிறு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அந்தக் காட்சியை முதலிலிருந்து எடுப்பான். படம் முடிந்தபோது வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

பூச்சிக்கு மட்டும் அந்தச் சுவர்களைப் பார்க்கவே பயமாக இருந்தது. வார்த்தை வராத மனுஷன் சுவரிடம் போய் நிற்பதை ஊர் சிரிக்க வைத்துவிட்டாளே! ஏற்கெனவே பெண்ணால் தலைகுனிந்தவர். இதைப் பார்த்தால்?

சின்னத் தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சி கிடைத்தது. அக்கம்பக்கத்தார், சித்தப்பாவின் டிப்போ ஆட்கள், முகம் தெரியாத பலர். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். பூச்சி திரையைப் பார்க்கவில்லை. அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் இருமல்தான் கேட்டது. பிறகு திரையில் சித்தப்பா மேஜையைவிட்டு எழுந்து, பிரஷ்ஷை எடுத்து, சுவரில் சாய்ந்து தூங்குகிற மாமனாரின் தலையைச் சுற்றி ஜாக்கிரதையாகப் பெயிண்ட் அடித்தார். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. நாற்காலிகள் கிரீச்சிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவின் பிடரி மட்டும் அசையவில்லை.

கடைசிக் காட்சியில் வீட்டைவிட்டுப் போன மகள் திரும்பி வருகிறாள். அப்பா வாயைத் திறக்கிறார், மூடுகிறார், டப்பாவை எடுக்கிறார். இந்தத் தடவை ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு கைதட்டல் எழுந்தது. ‘கதை, வசனம்’ என்று அவள் பெயர் வந்தபோதும் அது ஓயவில்லை.

வெளியே தியேட்டர் மேனேஜர் அண்ணனின் கையைக் குலுக்கினார். “அடுத்த வாரமும் ஓட்டறோம் தம்பி.” பிறகு பூச்சியைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். “உங்க பொண்ணா? என்ன பண்ணுது?”

பூச்சி தரையைப் பார்த்தாள். இதோ மழை வரும், இல்லாவிட்டால் வெயில் வரும்.

“உள்ள அத்தனை பேரு பேசினாங்களே” என்றார் அப்பா, நாலு பேருக்குக் கேட்கும்படி. “அவ்வளவும் என் பொண்ணு பேசினது.”

அவள் நிமிர்ந்தாள். அப்பா இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

“சொல்லுண்ணே!” என்றார் சித்தப்பா.

“சும்மா இருங்க, தம்பி” என்று அம்மா அவரை அடக்கினாள்.

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “அண்ணி, வீட்ல எந்தச் சுவரு பாக்கி?”

“இவ ரூம் மட்டுந்தான்.”

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். படியிறங்கினார். பஸ் ஸ்டாப் பக்கம் போகாமல், பெயிண்ட் கடை இருக்கிற தெருவுக்குள் திரும்பி நடந்தார்.