ஆறு சோடிப் பனைமட்டை

பெற்ற மகள் தகப்பனைப் பார்த்து "பட்டாளத்தாரு" என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? சவேரியார் வெளியே காட்டிக்கொள்ளாமல் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொள்வான்.

பிள்ளையைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. சந்தனம் பிறந்தபோது அவன் காஷ்மீரத்து மலையில் கிடந்தான். அவளுக்கு ஒரு வயதிருக்கும்போது பத்து நாள் லீவில் வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. வலது காலில் இரண்டு விரலை உறைபனிக்குக் கொடுத்துவிட்டு, பட்டாளத்தில் ஆகாதென்று கழித்துவிட்ட பிறகு, ஒரு தகரப் பெட்டியோடு திருப்பாலைக்குடிப் பக்கத்து மீன்பிடிக் கரைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு வயது ஆறு. வந்து மூன்று மாதமாகிவிட்டது. அவன் வீட்டுக்குள் வந்தால் அவள் வெளியே போவாள். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பட்டாளத்தாருக்குக் கஞ்சி வேணுமாம்" என்பாள்.

"போகப் போகச் சரியாப் போகும். புது மொகம்ல" என்றாள் அவன் மனைவி ஜோதிமேரி.

"ஆமா, நான் புது மொகம்! இவள பெத்தது எதுத்த வீட்டுக்காரனாக்கும்!"

"வாயில வர்றதப் பாரு" என்று அகப்பையை ஓங்கினாள் ஜோதிமேரி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் கரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிற விவசாயக் கிராமத்துக்கும் நடுவே ஒரு மைல் உவர்நிலம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் பெரிய ஆளுக்கு முழங்கால் சேறு. பெரிய பிள்ளைகள் எப்படியோ துழாவிக்கொண்டு போய்விடும். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் இடுப்புவரை புதைந்துபோகும். அதனால் தை பிறக்கும்வரை அதுகளை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. காலங்காலமாக அதுதான் வழக்கம், அதை ஒரு குறையாக நினைத்தவர்களும் இல்லை.

இந்த வருசம் நாகநாதன் வாத்தியார் பெரிய பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார். கார்த்திகை முதல் திங்கட்கிழமை மேலதிகாரி வருகிறார். அன்றைக்கு வராத பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார்கள். அடுத்த வருசம் முதலிலிருந்து சேர வேண்டியதுதான்.

சந்தனம் அன்று சோறு தின்னவில்லை. ஊரிலேயே பள்ளிக்கூடத்துக்கு ஆசைப்பட்டு அழுகிற பிள்ளை அவள் ஒருத்திதான். மறுநாள் காலையில் சவேரியார், "வா, நான் தூக்கிட்டுப் போறேன்" என்றான். தோளில் ஏற்றியதும் அவள் துடுப்புக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால் பர்லாங்கு தாண்டவில்லை, மூன்று விரல் கால் சேற்றில் பிடிமானம் இல்லாமல் வழுக்கியது. இரண்டு பேரும் குப்புற விழுந்தார்கள். சிலேட்டு நாலாக உடைந்தது.

அவள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, இடுப்புச் சேற்றைத் துழாவிக்கொண்டு நடந்தே வீட்டுக்குத் திரும்பினாள். "அம்மா, இனிமே பட்டாளத்தாரு என்னயத் தூக்க வேணாம்" என்றாள். அவ்வளவுதான். சவேரியார் அன்றே தொண்டிவரை போய்ப் புதுச் சிலேட்டு வாங்கிவந்து சுவரோரம் வைத்தான். சிலேட்டை எடுத்துக்கொண்டாள். அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தவன் எதிரே காய்ந்த மட்டை ஒன்று சொத்தென்று விழுந்தது. நீளமாக, வழவழவென்று, ஒரு முனை அகலமாக மேலே வளைந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காஷ்மீரத்தில் கழுத்தளவு உறைபனி மேல் அவன் பத்து மைல் நடந்திருக்கிறான். காலில் நீளப் பலகை கட்டிவிடுவார்கள், கைக்கு இரண்டு கோல் கொடுப்பார்கள். காலைத் தூக்காமல் இழுத்து இழுத்துப் போனால் பனி ஆளை விழுங்காது. உறைபனிக்கு ஆகிறது சேற்றுக்கு ஆகாதா?

"அட முட்டாப்பயலே!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தான்.

ஐந்து நாளில் ஆறு சோடி தயாராகிவிட்டது. இரண்டிரண்டு மட்டையாகச் சேர்த்து ஆணி அடித்து, பழைய வலைக்கயிற்றில் வார் கட்டி, அடியில் வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைத் தடவினான். கோல் சேற்றில் இறங்காமலிருக்க நுனியில் சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டினான். தனக்கு மட்டும் உடைந்த வள்ளத்துப் பலகையில் ஒரு சோடி.

"என்ன சவேரி, காலுக்குத் தோணி கட்டுறியா?" என்று கரையே சிரித்தது. ஆனாலும் பிள்ளைகளை அனுப்பாமல் இருக்கவில்லை. ஐந்து பொடிசுகள் வந்து நின்றன. ஆறாவது சோடி சும்மா கிடந்தது. சந்தனம் தூரத்தில் ஒரு கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

பிள்ளைகள் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தன. "தூக்காதீகடா! இழுங்க, இழுங்க!" என்று கத்தினான் சவேரியார். ஒன்றுக்கும் புரியவில்லை. இதுகளுக்குத் தெரிந்ததைச் சொன்னால்தானே புரியும் என்று யோசித்து, "கரைவலை இழுக்குறதப் பாத்திருக்கீகல்ல? அது மாதிரி!" என்றான்.

அவ்வளவுதான். ஐந்தும் ஒரே நேரத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரு இழு இழுத்தன. ஐந்தும் மல்லாக்க விழுந்தன. கரைவலை இழுக்கிறவன் பின்னால் சாய்ந்துதானே இழுப்பான்! பிறந்ததிலிருந்து இதுகள் பார்த்தது அதைத்தானே! சொன்னவனுக்கு அது தோன்றவில்லை. ஐந்து வயசு மரியசெல்வம் சேற்றில் கிடந்தபடியே, "வலையில மீனே இல்ல மாமா" என்றான்.

அப்போது வள்ளத்தின் மேலிருந்து ஒரு குரல் வந்தது. "வலை இல்ல, செல்வம்! தோணி தள்ளுற மாதிரி! முன்னால சாஞ்சு தள்ளு!"

சவேரியார் தொடையைத் தட்டிக்கொண்டான். அதுதான், அதேதான். தோணியைக் கடலில் இறக்குகிறவன் முன்னால் சாய்ந்து, காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் தள்ளுவான். மரியசெல்வம் எழுந்து முன்னால் சாய்ந்தான். சர்ரென்று ஒரு முழம் போனான். அப்புறம் சந்தனத்தால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஆறாவது சோடியில் காலை நுழைத்தாள். வாரை அவளே கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஏழு பேரும் சேற்றில் இறங்கினார்கள். "ஒண்ணே ஒண்ணுதான். நடுவுல யாரும் நிக்கக் கூடாது. நின்னா அமுங்கும்" என்று சொல்லிவிட்டு சவேரியார் கடைசியில் வந்தான். சிரட்டைக்கோல் சளக் சளக்கென்று குத்த, ஆறு பிள்ளைகளும் போன அழகைப் பார்க்க இரண்டு கண் போதாது. சிலேட்டைச் சந்தனம் நெஞ்சோடு கட்டியிருந்தாள்.

முக்கால்வாசி கடந்தபோது மரியசெல்வத்தின் வார் அவிழ்ந்தது. சவேரியார் குனிந்து கட்டிவிட்டான். பையன் போய்விட்டான். இவன் நிமிரும்போது மூன்று விரல் கால் வாரிலிருந்து நழுவியது, அவசரமாக ஊன்றினான், மறுகாலின் பலகை படக்கென்று முறிந்தது. தொடைவரை இறங்கிவிட்டான்.

முன்னால் போன சந்தனம் நின்று திரும்பினாள்.

"நிக்காத! போ!" என்று கத்தினான். "பேரை அடிச்சிருவாக! போத்தா!"

அவள் ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் முன்னால் சாய்ந்து தள்ளிக்கொண்டு போய்விட்டாள். போகச் சொன்னவன் அவன்தான். இருந்தாலும் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. என்ன மனசோ! காலை உருவப் பார்த்தான், இன்னும் இறங்கியது. கோல் இரண்டையும் குறுக்கே போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் கழித்து, வயலைச் சமப்படுத்துகிற பரம்புப் பலகையைச் சேற்றின் மேல் இழுத்துக்கொண்டு ஒரு விவசாயி வந்தார். அந்தக் கிராமத்துக் கூத்தையா.

"ஏலே, நீதானா அந்தப் பிள்ளையோட அய்யா?"

"எந்தப் பிள்ள?"

"நெஞ்சுல சிலேட்டைக் கட்டிக்கிட்டு வந்துச்சே, அது. அதிகாரி பேரு கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு, இது எந்திரிச்சு, 'எங்கய்யா சேத்துல நிக்கிறாரு, யாராச்சும் போங்க, அப்பறமா என் பேரைக் கூப்பிடுங்க'ன்னு ஒரே கத்து. பள்ளிக்கூடமே ரெண்டுபட்டுப் போச்சு. வாத்தியாரு என்னய வெரட்டி விட்டாரு."

"என்னன்னு கத்துச்சு?"

"சேத்துல நிக்கிறாருன்னு."

"அதுக்கு முன்னாடி?"

"யோவ், மொதல்ல காலை எடுய்யா!" என்று கூத்தையா பலகையை அவன் பக்கம் தள்ளினார்.

கிராமத்துப் பக்கம் கரையேறியபோது அங்கே சந்தனம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வாத்தியார். பெயரை அடிக்கவில்லை என்று அவர் முகமே சொன்னது. சந்தனம் தகப்பனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள். பலகை மேல் குப்புறப் படுத்து வந்தவனுக்குச் சேற்றுக்கு நடுவே கண் இரண்டும்தான் தெரிந்தன.

"என்ன அய்யா, வலை இழுக்குற மாதிரி சாஞ்சீகளாக்கும்?" என்று கேட்டாள்.

சவேரியாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஆமாத்தா" என்றான். "சாஞ்சுட்டேன்."