மணி ஓயும் இடம்

விசிலை வாயிலிருந்து எடுத்தபோது என் பல்செட்டும் கூடவே வந்துவிட்டது. அவ்வளவு பலமாக ஊதியிருக்கிறேன். மலைக்கு அந்தப்புறம் ஜெனோவாத் துறைமுகத்திலிருந்து ஏதாவது கப்பல் தவறுதலாகக் கிளம்பியிருந்தால் அதற்கு நானே பொறுப்பு. பிரீனா மட்டும் உடனே வரவில்லை. நான் பல்லைத் துடைத்து மாட்டி, முழங்காலைத் திட்டி, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் பெரணிச் செடிகளுக்குள்ளிருந்து வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். என் காலருகே உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தாள். செட்டர் சாதி வேட்டைநாய். வெள்ளை உடம்பில் யாரோ பேனாவை உதறியதுபோல் கருப்புப் புள்ளிகள். இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. முகத்தில் மட்டும் பென்ஷன் வாங்குகிறவளின் சலிப்பு.

மர உள்ளான் என்ற காட்டுப்பறவையை வேட்டையாடுவதில் எங்கள் பக்கத்து வழக்கம் இது. நாயின் கழுத்தில் மணி கட்டிக் காட்டுக்குள் விடுவோம். மரங்களின் அடர்த்தியில் நாய் தெரியாது, மணிதான் கேட்கும். பறவையின் வாசம் மூக்கில் பட்டதும் நல்ல நாய் முன்காலைத் தூக்கியபடி உறைந்துவிடும், மணியும் ஓயும். ஓய்ந்த இடத்துக்கு நாம் சத்தமில்லாமல் நடந்துபோக வேண்டும். நாம் போகும்வரை நாய் அசையக்கூடாது. வித்தையே அவ்வளவுதான். நானோ காலமெல்லாம் இந்த மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவன். மணி அடித்தால் நிறுத்துவது என் பிழைப்பு. மணி நின்றால் கிளம்பு என்பதைப் பழகவே எனக்கு ஓர் ஆயுள் ஆயிற்று.

பிரீனாவிடம் வித்தை பலிக்கவில்லை. அவிழ்த்துவிட்டதும் பீரங்கிக் குண்டு மாதிரி போவாள். மணிச்சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமலாகிவிடும். ஆஸ்திரியா எல்லையைத் தாண்டிவிட்டாள் என்று நினைத்து விசிலடிப்பேன். வருவாள். மறுபடி விடுவேன். மறுபடி தேயும். இலையுதிர்காலம் முழுக்க இதே கூத்து. எனக்கு உடம்பில் வலிக்காத இடம் மூக்கு ஒன்றுதான்.

அவளை எனக்கு விற்ற, நாய் வளர்க்கும் ஃபுல்ஜென்சியோவுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைத் திரும்பக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. இன்னொரு குட்டியை முதலிலிருந்து பழக்க இனி எனக்குத் தெம்பில்லை. அவள் போனால் துப்பாக்கியும் ஆணியிலேயே தொங்கவேண்டியதுதான்.

"அவ போயிட்டா நீ நாள்பூரா அடுப்படியில உக்காந்து எனக்குச் சமையல் கத்துக்குடுப்ப," என்றாள் என் மனைவி நீவெஸ், பொலெந்தா என்ற சோளக்களியின் அடிக்காந்தலை மேசைக்கடியில் நாய்க்கு ஊட்டியபடி. "அதுக்கு உன்னையே கூட்டிட்டுப் போகச் சொல்லுய்யா. நாய் இங்க இருக்கட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் அமில்காரெயையும் காரில் ஏற்றிக்கொண்டேன். வாலிபத்திலிருந்து என்னோடு வேட்டைக்கு வந்தவன். இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. சாலையோரக் கல்சுவரில் அவனை உட்கார வைத்து, மடியில் சுட்ட செஸ்ட்நட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, பிரீனாவோடு சரிவில் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நடந்தேன், வழுக்கினேன், ஊதினேன், திட்டினேன். மேலே ஏறி வந்தபோது, என்னைப் பிழிந்திருந்தால் ஒரு குளம் நிரம்பியிருக்கும்.

"பாத்தியாடா இவ லட்சணத்த?"

"பாக்கல. கேட்டேன்," என்றான்.

"மூக்கே இல்ல கழுதைக்கு. ஒரு எடத்துல நிக்குறாளா?"

அவன் நிதானமாக ஒரு செஸ்ட்நட்டை உரித்தான். "ஒத்தோரினோ, இப்ப மணி கேக்குதா?"

காது கொடுத்தேன். மழை, தூரத்து ஓடை. "இல்லையே. எங்கயாச்சும் நின்னுட்டாளா?" என்று துள்ளினேன்.

"உனக்குப் பின்னாடி சொறிஞ்சுக்கிட்டிருக்காடா."

திரும்பினேன். காரின் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்து, பின்னங்காலால் கழுத்தை வெறியோடு சொறிந்துகொண்டிருந்தாள் பிரீனா. மணி பைத்தியம் பிடித்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அதன் சத்தம் எனக்குக் கேட்பதுபோல் இருந்தது. கண்ணை மூடினேன். மழையும் ஓடையும் மட்டும்தான் கேட்டன.

"ஓடைப் பக்கம் நின்னா," என்றான். "சிலையாட்டம் நின்னா. நான் ஒரு கொட்டைய உரிச்சு மென்னு முழுங்குற வரைக்கும் சத்தமே இல்ல. நீ விசிலடிச்ச. பாவம், விட்டுட்டு ஓடியாந்தா. அப்புறம் மேட்டுல நின்னா. அதுக்கும் விசில்."

"அப்பவே ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல, பாவி?"

"குடுத்தேன்."

சுவரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேருந்தின் டீசல் எஞ்சின் என் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது; என் காதில் அது தின்று தீர்த்தது இந்த மணிச்சத்தத்தைத்தான் போலிருக்கிறது. மணியை வார்த்தவனையும், காற்றையும், நாயின் தாயையும் இத்தனை நாள் திட்டியாயிற்று. இனித் திட்ட ஆள் மிச்சமில்லை. களைப்பு எலும்புக்குள் இறங்கியது. பிரீனா எழுந்து வந்து ஈர முகத்தை என் பூட்ஸின் மேல் வைத்தாள்.

"வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றான் அமில்காரெ. "என் காது, உன் காலு. ரெண்டு அரைக்கிழவன் சேந்தா ஒரு முழு வேட்டைக்காரன். அந்த விசில இப்படிக் குடு."

கொடுத்தேன். அது தொங்கிய கழுத்து லேசாகிவிட்டது.

இந்த முறை காட்டைப் பார்க்காமல் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே இறங்கினேன். ஒரு மரம் விடாமல் முட்டிக்கொண்டேன். மேலே சுவரில் அவன் சிவப்புக் குல்லாய் மடியிலேயே இருந்தது. நாய் ஓடுகிறது என்று அர்த்தம். திடீரென்று குல்லாய் உயர்ந்தது. கைத்தடி இடப்பக்கம், முட்புதர்களைக் காட்டியது. நடந்தேன். தடி இன்னும் கீழே என்றது. இன்னும் கீழே போனேன். என் மூச்சு எனக்கே இடைஞ்சலாக இருந்தது.

பெரணிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். முதுகு ஒரு கோடு. வால் ஒரு கோடு. வலது முன்கால் மடங்கி அந்தரத்தில். முன்னாலிருந்த முட்புதரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்கவே தோன்றவில்லை.

தலையைத் திருப்பாமல் ஒரு கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டினாள். வால்நுனி கொஞ்சம் தாழ்ந்தது. விசிலுக்குக் காத்திருந்தாள்.

நான் அப்படியே நின்றேன். அவள் தூக்கிய முன்கால் நடுங்கியது. கீழே வரவுமில்லை, மேலே போகவுமில்லை. மணியின் விளிம்பில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது, விழாமல்.