நாதாங்கிக்கு நாலு விரற்கடை

சுவரில் ஒரு ஆணி அடித்தாலே சண்டைக்கு வருகிற வீட்டுச் சொந்தக்காரி தங்கம்மாள், வாசல் கதவில் ஓட்டை போடச் சம்மதித்துவிட்டாள். குடியிருந்த பரசுராமனுக்கே நம்ப முடியவில்லை.

"பூனைக்குக் கதவாம், பூனைக்கு! நாளைக்கு எலிக்கு ஜன்னல் கேப்பியா?" என்றுதான் முதலில் ஆரம்பித்தாள்.

மூடியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தொறங்க... அம்மா வீட்டுக்குப் போவணும்... தொறங்க..."

பரசுராமனின் மனைவி உண்ணாமலை. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் அவர் ஆபீஸிலிருந்து திரும்பும் வரை இதே பாட்டுதான். தங்கம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"போட்டுத் தொலைப்பா. ஆனா கீழ்ப் பலகையில கை வெக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறாம மஞ்ச பூசி குங்குமம் வெக்கிற இடம். மகாலச்சுமி வர்ற வழியில பூனை பூந்து வருமா? மேல் பலகையில போட்டுக்க. எகிறிக் குதிக்கட்டும்."

உண்ணாமலைக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வருஷமாக அவள் புத்தி தண்ணீரில் போட்ட வெல்லக்கட்டி மாதிரி கரைந்துகொண்டிருந்தது. வேலூரில் காட்டியாயிற்று. டாக்டர் கையை விரித்துவிட்டார். புருஷனைத் தபால்காரர் என்று நினைத்தாள். "லெட்டர் இருக்கா?" என்று தினமும் கேட்டாள். சோறு ஊட்டினால் துப்பினாள். உடம்பு தேய்ந்து, கண்ணாடி வளையல்கள் முழங்கையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டன. காலையில் அவற்றை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டுத்தான் பரசுராமன் ஆபீஸுக்குக் கிளம்புவார்.

மறக்காதது ஒன்றே ஒன்று: அடி அண்ணாமலையில் இருந்த அம்மா வீடு. அந்த வீடு இடிந்து பன்னிரண்டு வருஷம். இருந்தும் கதவு திறந்திருந்தால் போதும், கிளம்பிவிடுவாள். மூன்று முறை போனாள். மூன்றாவது முறை இரண்டு நாள் தேடி, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். செருப்பில்லாத கால் முழுக்கக் கொப்புளம். அங்கே படுத்திருந்தவர்கள் அவளைப் பிச்சைக்காரி என்று நினைத்திருந்தார்கள்.

லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. "இன்னொரு நாள் லீவுன்னா, ஒரேயடியா வீட்லயே இருந்துக்குங்க பரசுராமன்" என்று அதிகாரி சொல்லிவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. பார்த்துக்கொள்ள நாதி கிடையாது. வேறென்ன செய்வார்? உள்ளே விட்டு வெளியே சாத்தினார்.

கதவின் வெளிப்பக்கம், இடுப்பு உயரத்தில் நாதாங்கி. அதில் சங்கிலியை மாட்டி, கழலாதபடி ஒரு மரமுளையைச் செருகிவிட்டுப் போவார். பூட்டு மட்டும் போட மாட்டார். போன வருஷம் பின்தெருவில் ஸ்டவ் வெடித்தபோது, பூட்டின வீட்டுக்குள் ஒருத்தி இருந்தாள். பூட்டை உடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தவிர, மத்தியானம் தங்கம்மாள் முளையை எடுத்துத் திறந்து, ஒரு தட்டுச் சோறு வைத்துவிட்டு வருவாள்.

உண்ணாமலையை அடக்கியது ஒரு தெருப்பூனைதான். அது மடியில் படுத்தால் வாய் மூடும், அழுகை நிற்கும், இரண்டு வாய் சோறுகூட இறங்கும். ஆனால் பூனையை உள்ளே அடைத்தால் அது வெறி பிடித்து அவளையே பிறாண்டியது. வெளியே விட்டால் கதவுக்கு அந்தப் பக்கம் பூனை அழுதது, இந்தப் பக்கம் அவள் அழுதாள். இருந்த ஒரே ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் நூருல்லா வந்தார். ரம்பம், உளி, ஒரு பழைய சைக்கிள் டியூப்.

"பத்து ஊர்ல கதவு போட்டிருக்கேன் சார். பூனைக்குப் போடறது இதான் மொதல் தடவ" என்று சிரித்தவர், பென்சிலால் கோடு போட்டதும் நிமிர்ந்தார். "மேல் பலகைன்னா நாதாங்கி பக்கத்துல வருதே சார்?"

"தள்ளிப் போடுங்க பாய்."

"அந்தாண்ட சட்டம் இருக்கு. இதுக்கு மேல தள்ள முடியாது. கம்மியாவே அறுக்கறேன். பூனைக்கு மண்டை நொழைஞ்சா போதும், மீதி தானா வந்துடும்."

நாலு அங்குல அகலம், அஞ்சு அங்குல உயரம். அறுத்து முடித்து, டியூப் துண்டில் ஒரு சின்னப் பலகையைத் தொங்கவிட்டார். தள்ளினால் ஆடியது, விட்டால் மூடியது. பிறகு உள்ளே போய்த் தன் கையை ஓட்டைக்குள் விட்டு, வெளியே இருந்த முளையைத் துழாவினார். புஜம் மாட்டிக்கொண்டது. விரல் நுனிக்கும் முளைக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தது.

"நீங்க ஒரு தடவ பாத்துடுங்க சார்."

பரசுராமனும் கையை விட்டார். அவருக்கும் அதே இடத்தில் மாட்டியது.

"நம்ம ரெண்டு பேர் கைக்கே எட்டல. அம்மா கைக்கா எட்டப் போவுது?" என்றார் நூருல்லா.

பரசுராமன் தலையாட்டினார்.

ஒன்பது நாள். தெருவே ஆச்சரியப்பட்டது. பூனை எகிறி உள்ளே போனது, எகிறி வெளியே வந்தது, மறுபடி போனது. அழுகை நின்றது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் பரசுராமன் கதவைத் திறந்தபோது, உண்ணாமலை அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆபீஸ் விட்டாச்சா? காபி போடட்டுங்களா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் அப்படியே நின்றார். அடுத்த நிமிஷமே அவள் "லெட்டர் இருக்கா?" என்றாள். ஆனாலும் அன்று ராத்திரி பரசுராமன் நம்ப ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் சித்ரா பௌர்ணமி. ஆபீஸில் இன்ஸ்பெக்ஷன். போகாமல் முடியாது. மலை சுற்ற வந்த ஜனம் காலையிலிருந்தே தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று. மேளச் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் மிரண்டு பூனை எங்கோ ஓடிவிட்டது.

சாயங்காலம் ஐந்தே கால். தெருமுனையிலேயே பரசுராமனுக்குத் தெரிந்துவிட்டது. கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

சங்கிலி தொங்கியது. முளை வாசற்படியில் கிடந்தது. ஓட்டையின் விளிம்பில் ரத்தக் கீறல். கீழே பச்சை வளையல் துண்டுகள். உள்ளே, அவள் பாயில், பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் பாவி!" தங்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "மத்தியானம் சோறு வெக்கறப்ப, பூனை எங்கன்னு கேட்டுக்கினே இருந்துச்சு. வாய் சும்மா இருக்காம, உங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்குதுன்னு சொல்லிட்டேன். வெளாட்டுக்குச் சொன்னேம்பா..."

பரசுராமன் ஓடினார். ஓடவா விட்டார்கள்? அத்தனை ஜனமும் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஊதாப் புடவை, வெறுங்கால், ஒல்லியான அம்மா என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டார்.

"வெறுங்கால்தான் சார் எல்லாரும்" என்றான் ஒருவன்.

அடி அண்ணாமலையில், இடிந்த வீட்டு மனையில் ஒரு கிழவர் ஆடு கட்டிக்கொண்டிருந்தார். "ஆமா சார், ஒரு அம்மா வந்துச்சு. கையெல்லாம் ரத்தம். எங்க வீட்டுப் பூனை இங்க வந்துச்சான்னு கேட்டுச்சு. வரலியேம்மான்னேன். அப்ப வழியிலதான் வந்துக்கினு இருக்கும், நான் போய்க் கூட்டியாறேன்னு கூட்டத்தோட பூந்துடுச்சு."

"எப்போ?"

"அது ஆச்சு சார், ரெண்டு மணி நேரம்."

கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

போலீஸில் எழுதிக் கொடுத்தார். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். இருபது நாள் ஓடிற்று. ஆபீஸிலிருந்து வந்த காகிதம் பிரிக்கப்படாமல் மாடத்தில் கிடந்தது.

ஒரு நாள் காலை நூருல்லா வந்தார், ஓட்டை அளவுக்கு அறுத்த ஒரு பலகையோடு. வாசலிலேயே நின்றார்.

"என் கைய அளவு வெச்சது தப்பு சார். அம்மா கைய அளந்திருக்கணும்."

"அந்தக் கையை நீங்க பாத்ததே இல்லியே பாய்" என்றார் பரசுராமன். "நான் தெனமும் பாத்தேன். முழங்கைக்கு மேல ஏறின வளையலத் தெனமும் எறக்கி விட்டேன்."

நூருல்லா பலகையைத் தூக்கிக் காட்டினார். "மூடிடட்டுமா சார்?"

"வேணாம்."

அவர் பலகையைச் சுவரோரமாகச் சாத்தி வைத்துவிட்டுப் போனார். பரசுராமன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். வெளி நாதாங்கிக்கு வேலை இல்லை. இனி யாரை உள்ளே வைக்க?

சின்னப் பலகை அசைந்தது. பூனை தலையை நீட்டி, உடம்பைச் சுருக்கி, உள்ளே குதித்தது. பாயை மோந்து பார்த்தது. மூலை மூலையாகப் போய்த் தேடியது. அவர் மடியைத் தட்டி, உண்ணாமலை கூப்பிடுகிற மாதிரியே, "வா கண்ணு" என்றார்.

பூனை அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வந்த வழியே எகிறி வெளியே போய்விட்டது. பலகை இரண்டு தரம் ஆடி நின்றது.